பிரிட்டனின் சிவப்புத் தொலைபேசிப் பெட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவோரத்து இரும்புப் பெட்டிக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியா? இது மிகையாக இல்லையா?

லண்டன் போய் வந்தவர்களிடம் இந்தப் பெட்டியோடு எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்து, ரிசீவரைக் காதில் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. அதனாலேயே இதைச் சுற்றுலா அலங்காரம் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் தேவாலயங்களும் அரண்மனைகளும் இடம்பெற்றிருக்கும், பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கான அதே சட்டப் பட்டியலில் இந்தப் பெட்டிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

இதில் மிகை எதுவும் இல்லை என்பேன். வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ள வசதியில்லாதவர் சில்லறையோடு வந்து நின்று பேசும் இடம் இது. அந்த இடத்துக்கு வடிவம் கொடுக்க, நாட்டின் முதல் வரிசைக் கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தது அஞ்சல் துறை. ஏழை எளியவர் பயன்படுத்தும் பொருள்தானே, ஏதோ ஒன்று போதும் என்று அரசு விட்டுவிடவில்லை. வந்த வடிவமும் அந்த அக்கறைக்கு ஈடாக இருந்தது. இவை இரண்டும் சேர்ந்து அமைவது எந்த நாட்டிலும் அபூர்வம்.

இதை வடிவமைத்தவர் யார்?

சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் (1880–1960). லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்கான போட்டியில் 1903இல் வென்றபோது அவருக்கு வயது 22. பிற்பாடு லண்டனில் பேட்டர்ஸீ மின்நிலையத்தின் வெளித்தோற்றத்தையும், இன்று டேட் மாடர்ன் கலைக்கூடமாக இருக்கும் பேங்க்சைட் மின்நிலையத்தையும் வடிவமைத்தவர். வாழ்நாளில் பாதியைப் பேராலயத்துக்கும் மீதியைப் பெருங்கட்டடங்களுக்கும் கொடுத்த மனிதரின் கைவேலைகளில், மக்கள் அதிகம் தொட்டுப் பழகியது ஒரே ஒருவர் நிற்கக்கூடிய இந்தச் சிறு அறைதான்.

பின்னணி இது. பொது அஞ்சல் துறை 1921இல் கான்கிரீட்டில் ஒரு பெட்டியை அறிமுகப்படுத்தியது. அதன் பெயர் கே1; 'கே' என்பது கியாஸ்க் (kiosk), அதாவது சிறு கூண்டு என்ற சொல்லின் முதலெழுத்து. லண்டன் மாநகரின் வட்டார மன்றங்களுக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் தெருக்களில் வைக்க மறுத்தன. அதைத் தொடர்ந்து 1924இல் அரச நுண்கலை ஆணையத்தின் துணையோடு ஒரு போட்டி நடந்தது. சர் ராபர்ட் லோரிமர், சர் ஜான் பர்னெட் போன்ற பெரியவர்களும் கலந்துகொண்டார்கள். ஸ்காட்டின் வடிவம் தேர்வானது. அதுவே கே2, 1926 முதல் லண்டன் தெருக்களுக்கு வந்தது.

போட்டிக்காக மரத்தில் செய்த ஸ்காட்டின் மாதிரிப் பெட்டி இன்னும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிக்கடிலியில் பர்லிங்டன் ஹவுஸ், அதாவது அரச கலைக்கழகம் இருக்கும் கட்டடத்தின் நுழைவாயில் வளைவின் கீழ் அது நிற்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாவது உயர்ந்த படியான கிரேடு 2 நட்சத்திரத் தகுதி பெற்றது. எதிரில் ஓர் இரும்புப் பெட்டியும் இருப்பதால், எது மரம், எது இரும்பு என்று கவனிக்காமலே ஆயிரக்கணக்கானோர் தினமும் நடுவில் நடந்து போகிறார்கள். ஒரு விரலால் தட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

அந்தக் கூரை ஒரு கல்லறையைப் பார்த்துச் செய்யப்பட்டது என்கிறார்களே?

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் பழைய தேவாலயத்தின் தோட்டத்தில் சர் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞரின் குடும்பக் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்து வங்கியின் பழைய கட்டடத்தை உருவாக்கியவர் சோன். 1815இல் மனைவி எலைசா இறந்ததும் அவருக்காகத் தாமே வடிவமைத்த கல்லறை அது. நான்கு பக்கமும் வில்போல் வளைந்து எழும் விளிம்பு. அவற்றின் மேல் தட்டையாகப் பரவும் கவிகை. அப்படியே தொலைபேசிப் பெட்டியின் கூரை! ஸ்காட் சோன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தவர். சோனின் வேலைகளில் ஊறியவர். எனவே இந்தத் தொடர்பைப் பெரும்பாலான கட்டடக் கலை வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். மனைவியை இழந்த ஒருவர் கல்லில் வடித்த வளைவு, நூறு ஆண்டுகள் கழித்து நாடெங்கும் மழைக்கு ஒதுங்கும் கூரையாயிற்று.

சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தது ஸ்காட்டா?

இல்லை. அவர் எஃகில் செய்து, வெளியே வெள்ளி நிறமும் உள்ளே பசுமை கலந்த நீலமும் பூசச் சொன்னார். அஞ்சல் துறை இரண்டையும் மாற்றியது. எஃகுக்குப் பதில் வார்ப்பிரும்பு, வெள்ளிக்குப் பதில் அஞ்சல் பெட்டிகளின் சிவப்பு. தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும் என்பதே காரணம். பனிமூட்டத்தில் தொலைபேசி தேடியவர்கள் துறையின் முடிவை வாழ்த்தியிருப்பார்கள்.

கிராமப்புறங்களில் எதிர்ப்பு இருந்தது. பசும்புல்வெளிக்கும் சாம்பல் நிறக் கல்வீடுகளுக்கும் நடுவே இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்றார்கள். இயற்கை அழகுக்குப் பேர்போன சில இடங்களில் பெட்டியைச் சாம்பல் நிறமாகவும் கண்ணாடிச் சட்டங்களை மட்டும் சிவப்பாகவும் பூச அனுமதித்தார்கள். இன்று அதே கிராமங்கள் சிவப்பு மங்கினால் கவுன்சிலுக்குப் புகார் எழுதுகின்றன.

ஹல் நகரம் தனிக்கதை. அங்கே தொலைபேசிச் சேவையை அஞ்சல் துறை நடத்தவில்லை, நகராட்சியே நடத்தியது. அதனால் அங்குள்ள பெட்டிகள் இளமஞ்சள் கலந்த வெண்ணிறம். கூரையில் அரச முடியும் கிடையாது.

கே2, கே6 இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கண்ணாடியை எண்ணுங்கள். கே2இல் ஒரு பக்கத்துக்கு ஆறு வரிசை, வரிசைக்கு மூன்று, எல்லாம் ஒரே அளவு. கே6இல் எட்டு வரிசை; நடுக் கண்ணாடி அகலம், இரண்டு ஓரமும் ஒடுக்கம். கே6இன் கோடுகள் கிடைமட்டமாக நீள்வதுபோல் தெரிவதும், உள்ளிருந்து வெளியே தெளிவாகப் பார்க்க முடிவதும் இதனால்தான்.

அடுத்து, கவிகைக்குக் கீழே இருக்கும் முடியைப் பாருங்கள். கே2இல் முடியின் வடிவமே துளைகளால் ஆனது. அலங்காரமும் அதுவே, காற்றுப் போகும் வழியும் அதுவே. எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த நுணுக்கம் இது. கே6இல் துளை இல்லை. முடி புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கிறது. இப்போது அந்த முடிகளுக்குப் பொன்னிறம் தீட்டியிருப்பதைப் பார்க்கலாம். அது பிற்காலப் பழக்கம். தொடக்கத்தில் முடியும் சிவப்பாகவே இருந்தது.

அளவிலும் வேறுபாடு உண்டு. கே2 ஒன்பது அடி மூன்று அங்குலம், எடை ஒரு டன்னைத் தாண்டும். கே6 எட்டடி மூன்று அங்குலம், சுமார் 700 கிலோ.

முடியின் வடிவம் இடத்துக்கு இடம் மாறுகிறதே, ஏன்?

1953 வரை செய்யப்பட்டவற்றில் டியூடர் முடி. இரண்டாம் எலிசபெத் முடிசூடிய பிறகு செய்யப்பட்டவற்றில் செயின்ட் எட்வர்ட் முடி. ஸ்காட்லாந்தில் வேறு சிக்கல். முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை; அப்படியிருக்க இவர் எப்படி "இரண்டாம்" எலிசபெத் ஆவார் என்று அங்கே கொதித்தார்கள். எடின்பரோவின் இன்ச் குடியிருப்பில் அரசியின் முத்திரையோடு புதிதாக வைத்த அஞ்சல் பெட்டியை 1953இல் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். அதன்பின் ஸ்காட்லாந்தின் அஞ்சல் பெட்டிகளிலும் தொலைபேசிப் பெட்டிகளிலும் ஸ்காட்லாந்து முடியே வந்தது. ஒரே அச்சில் வார்த்து, முடியை மட்டும் தனித்தகடாகப் பொருத்தும்படி கூரைப் பகுதியில் ஒரு செருகுவாய் விட்டார்கள். 1950களின் நடுவிலிருந்து செய்யப்பட்ட கே6இல் முடிக்குக் கீழே அந்தக் கீறலைப் பார்க்கலாம். ஒரு பெட்டியின் வயதை மதிப்பிட இதைவிட எளிய வழி இல்லை.

காலனி ஆட்சியின் முடியைச் சுமந்த பொருளை நாம் ஏன் போற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. மால்ட்டா, ஜிப்ரால்ட்டர், பெர்முடா போன்ற இடங்களில் இந்தப் பெட்டிகள் நிற்பதற்குக் காரணம் பேரரசுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருளைப் பாதுகாப்பதும் அதன் மேல் இருக்கும் முடியை வணங்குவதும் வேறு வேறு. மால்ட்டா 1964இல் விடுதலை பெற்றது, பெட்டிகளை வைத்துக்கொண்டது. வாலெட்டாவின் மஞ்சள் கற்சுவர்களுக்கு முன்னால் அவை இன்று அந்த ஊரின் பொருளாகவே நிற்கின்றன. எடின்பரோவில் வெடித்த வெடியும் இந்தப் பாரம்பரியத்தின் ஒரு பகுதிதான். பெட்டியைக் காப்பாற்றினால் அதன் மேல் நடந்த சண்டையின் சாட்சியும் மிஞ்சும்.

நகரத்துப் பெட்டி கிராமத்துக்கு எப்படிப் போனது?

கே2 விலை அதிகம், உருவமும் பெரிது. மொத்தம் ஏறத்தாழ 1,700 மட்டுமே நிறுவப்பட்டன, அதுவும் பெரும்பாலும் லண்டனில். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா 1935இல் வந்தபோது, அதை ஒட்டி எளிமையான வடிவம் ஒன்றை ஸ்காட்டிடமே கேட்டார்கள். அவர் கே2இன் செங்குத்துப் பள்ளக் கோடுகளை நீக்கி, அளவைக் குறைத்து, கே6ஐத் தந்தார். 1936 முதல் பரவத் தொடங்கியது.

அந்த விழாவை ஒட்டி வந்த வெள்ளிவிழாச் சலுகையின் பயன் பெரிது. அஞ்சலகம் இருக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும், வருமானம் வருமா வராதா என்று பார்க்காமல் ஒரு பெட்டி என்று முடிவாயிற்று. பிரசவ வலிக்கு மருத்துவரை அழைக்க மைல்கணக்கில் ஆள் அனுப்பிய ஊர்களுக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1960களின் முடிவுக்குள் சுமார் 60,000 கே6 பெட்டிகள் நாடெங்கும் நின்றன.

இவற்றை வார்த்தவை பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் வார்ப்பாலைகள். கிளாஸ்கோவில் சாரசென், கிர்கின்டில்லாக்கில் லயன், ஃபால்கர்க் அருகே கேரன். 1759இல் தொடங்கிய கேரன் ஆலை ஒரு காலத்தில் கடற்படைக்குப் பீரங்கி வார்த்தது. கேரனேடு என்ற பீரங்கி வகைக்குப் பெயரே அதிலிருந்து வந்தது. இந்த ஆலைகளெல்லாம் இப்போது மூடப்பட்டுவிட்டன. பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், அடிப்பகுதியில் ஆலையின் பெயர் பெரும்பாலும் கிடைக்கும். அந்த உலைகளில் வேலை செய்தவர்களின் கைத்திறனுக்கு மிஞ்சியிருக்கும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

மற்ற "கே" வகைகள்?

கே3, 1929இல் ஸ்காட் கான்கிரீட்டில் செய்தது. லண்டன் உயிரியல் பூங்காவில் ஒன்று பிழைத்திருக்கிறது. கே4 பெட்டியோடு அஞ்சல் பெட்டியையும் தபால்தலை இயந்திரங்களையும் சேர்த்துக் கட்டிய பெரிய உருவம். ஐம்பது மட்டுமே செய்யப்பட்டன, வாரிங்டனில் ஒன்றைப் பார்க்கலாம். கே5 கண்காட்சிகளுக்காக ஒட்டுப்பலகையில் செய்தது. கே7 சோதனையோடு நின்றுவிட்டது. 1968இல் புரூஸ் மார்ட்டின் வடிவமைத்த கே8இல் சிறு கண்ணாடிகள் இல்லை, பக்கத்துக்கு ஒரே பெரிய கண்ணாடி. அதைக் காப்பாற்ற யாரும் பெரிதாகக் குரல் கொடுக்காததால் பதினோராயிரம் பெட்டிகளில் மிகச் சிலவே எஞ்சின. பழமை ஏறாத பொருளுக்கு இப்படித்தான் நேர்கிறது. கே8இன் இழப்பு எனக்கு வருத்தமே.

உள்ளே என்ன இருந்தது?

பழைய பெட்டியில் கறுப்பு நிற நாணயப்பெட்டியும் அதில் ஏ, பி என்று இரண்டு பொத்தான்களும் இருக்கும். காசைப் போட்டு எண்ணைச் சுழற்ற வேண்டும். மறுமுனையில் ஆள் பேசினால் ஏ பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் காசு உள்ளே விழும், நம் குரல் அவருக்குக் கேட்கும். யாரும் எடுக்கவில்லை என்றால் பி பொத்தானை அழுத்தினால் காசு திரும்பி வரும். முன்னால் வந்தவர் மறந்துவிட்ட காசு இருக்குமோ என்று, போகிற வழியில் பெட்டிக்குள் நுழைந்து பி பொத்தானை அழுத்திப் பார்ப்பது ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் வழக்கம்.

அவசர எண் 999க்கும் இந்தப் பெட்டிக்கும் நேரான தொடர்பு உண்டு. லண்டன் விம்போல் தெருவில் 1935இல் நடந்த தீவிபத்தில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல முயன்ற பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பு இணைப்பகத்தின் வரிசையில் காத்துக் கிடந்தது. அதன் விளைவாக 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 தொடங்கியது. காசு போடாமலே அழைக்கும்படி இருக்க வேண்டும் என்பது கட்டாயத் தேவை. ஆபரேட்டருக்கான பூஜ்யத்தைப் பொதுப் பெட்டிகளில் ஏற்கெனவே காசின்றிச் சுழற்ற முடிந்தது. சுழல் தட்டில் அதற்கு அடுத்திருந்த ஒன்பதையும் அதேபோல் திறந்துவிடுவது எளிதாக இருந்தது. அப்படித்தான் மூன்று ஒன்பதுகள் வந்தன.

இவ்வளவு சிறப்பென்றால் ஏன் அகற்றினார்கள்?

தொலைபேசித் துறை 1981இல் அஞ்சல் துறையிலிருந்து பிரிந்து பிரிட்டிஷ் டெலிகாம் ஆனது, 1984இல் தனியார்மயமாயிற்று. மறு ஆண்டே பழைய பெட்டிகளை மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அவர்களிடம் காரணங்கள் இல்லாமல் இல்லை. கனமான கதவை முதியவர்களால் இழுக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழையவே வழியில்லை. மூடிய பெட்டியைச் சிலர் கழிப்பிடமாக்கினார்கள். அடியில் திறந்திருக்கும் புதிய உலோகப் பெட்டியான கேஎக்ஸ்100 இந்தக் குறைகளையெல்லாம் தீர்த்தது. பாதுகாப்பைப் பேசுகிறவர்கள் இந்த உண்மையை விழுங்கிவிடக்கூடாது.

தவறு வேறிடத்தில் நடந்தது. இடம் பார்க்காமல், ஊரைக் கேட்காமல், நாடெங்கும் ஒரே அடியாகப் பிடுங்கினார்கள். அப்போது தேர்ட்டீஸ் சொசைட்டி என்ற அமைப்பு போராட வந்தது. இன்றைய ட்வென்டியத் சென்சுரி சொசைட்டி அதுதான். கட்டடக் கலை வரலாற்றாசிரியர் கேவின் ஸ்டாம்ப் அதில் முன்னின்றார். ஒரு பெட்டி சட்டத்தின் கண்ணில் "கட்டடம்" ஆகுமா என்பதே அன்று வாதமாக இருந்தது. ஆகும் என்று அரசு ஏற்று, 1980களின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கில் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் பல்லாயிரம் பெட்டிகள் ஏலத்துக்கும் உடைப்புக்கும் போய்விட்டிருந்தன.

எந்தப் பெட்டி பட்டியலில் சேரும், எது சேராது?

கே2 குறைவாக இருப்பதால் எஞ்சியவற்றில் பெரும்பாலானவை சேர்ந்துவிட்டன. கே6க்குத் தேர்வு கடினம். வடிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இங்கிலாந்தின் பட்டியலில் கே6 பதிவுகளை அடுத்தடுத்துப் படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: 1935இல் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது, வார்ப்பிரும்பு, சதுர வடிவம், கவிகைக் கூரை, துளையில்லாத முடிகள், ஓரக் கண்ணாடிகள். பொருள் ஒன்றே என்றால் எதை வைத்து ஒன்றை எடுத்து இன்னொன்றை விடுவது? நிற்கும் இடத்தை வைத்துத்தான். பக்கத்தில் பட்டியலில் உள்ள கட்டடங்கள் இருக்கின்றனவா, தேவாலயம், பழைய அஞ்சலகம், ஊர்ப் பொதுவெளி ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு காட்சியாக அமைகிறதா என்று பார்க்கிறார்கள்.

பாரம்பரிய மதிப்பு என்பதன் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். லண்டன் கோவன்ட் கார்டனில் பிராட் கோர்ட் என்ற சந்தில் ஐந்து கே2 பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வேறொரு தெருவில் வைத்தால் இரும்பு குறையாது. ஆனால் சந்தின் முகம் போய்விடும். ஸ்காட்லாந்தின் பெனன் என்ற மீனவ ஊரில், கடலைப் பார்த்த ஒற்றை வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரு கே6 இருக்கிறது. அங்கே படமாக்கி 1983இல் வெளியான திரைப்படம் ஒன்றால் அது புகழ்பெற்றது. படத்தில் வருவது செட்டுக்காக வைத்த பெட்டிதான். உண்மைப் பெட்டி சற்றுத் தள்ளி நிற்கிறது. ஆனாலும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்து அதற்குள் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

இங்கிலாந்தில் பரிந்துரைப்பது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு, வேல்ஸில் காடூ, ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். படங்களில் பெட்டியை மட்டும் அடைத்து எடுக்காமல் சுற்றுப்புறத்தோடு எடுத்து அனுப்புங்கள்.

பட்டியலில் இருக்கும் பெட்டியில் எதைச் செய்யக்கூடாது?

அகற்றவோ, இடம் மாற்றவோ, தோற்றம் மாறும்படி வேலை செய்யவோ உள்ளூர்த் திட்ட அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலின்றிச் செய்வது குற்றம். கண்ணாடி உடைந்தால் அதே வகையில் மாற்றுவது, அதே சிவப்பைப் பூசுவது போன்ற பழுதுபார்ப்புகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஐயம் இருந்தால் தூரிகையை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஒரு பவுண்டுக்குப் பெட்டி கிடைக்கும் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் உங்களுக்கும் எனக்கும் இல்லை. 2008இல் பிரிட்டிஷ் டெலிகாம் தொடங்கிய திட்டம் அது. ஊராட்சி மன்றங்கள், பதிவு பெற்ற அறக்கட்டளைகள் போன்றவை பயன்பாடு குறைந்த பெட்டியை ஒரு பவுண்டுக்கு ஏற்கலாம். தொலைபேசியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும், பெட்டி ஊருக்கு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவை இப்படி ஏற்கப்பட்டுள்ளன. விலை ஒரு பவுண்டு என்றாலும் பெயின்ட், கண்ணாடி, காப்பீடு எல்லாம் அதன்பின் ஊரின் பொறுப்பு. அந்தக் கணக்கைப் போடாமல் ஏற்ற ஊர்களில் பெட்டி துருப்பிடித்து நிற்பதைப் பார்க்கலாம்.

புத்தக அலமாரி, டிஃபிப்ரிலேட்டர் என்று மாற்றுவது அதன் தன்மையைக் கெடுக்காதா?

சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் என்ற கிராமம், நடமாடும் நூலகம் நின்றுபோனதும் 2009இல் பெட்டிக்குள் பலகைகள் அடித்துப் புத்தகங்களை அடுக்கியது. ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுத்துப்போகலாம். அதைப் பார்த்துப் பல ஊர்கள் பின்பற்றின. நின்ற இதயத்தை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை வைத்த ஊர்கள் அதைவிட அதிகம்.

எனக்கு இதில் தயக்கமே இல்லை. ஆபத்தில் ஓடிவந்து உதவி கேட்பதற்காக ஊர் நடுவே நிறுத்திய பெட்டி இது. கருவி மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. பலகைகளை இரும்பில் துளையிடாமல், பின்னாளில் கழற்றக்கூடியபடி பொருத்தினால் போதும். நான் ஏற்காதது வேறு: கண்ணாடி முழுவதையும் விளம்பரத்தால் மூடுவது, ஊதாவும் கறுப்புமாக நிறம் மாற்றுவது, உள்ளே எதுவும் இல்லாமல் பூட்டி வைப்பது. கடைசியாகச் சொன்னது மெதுவாகக் கொல்வதற்குச் சமம். திறக்காத கதவின் கீல் முதலில் இறுகும், பிறகு உள்ளே ஈரம் தேங்கும்.

எல்லோரிடமும் கைபேசி இருக்கும்போது பெட்டிக்குள் தொலைபேசி எதற்கு?

2020 மே வரையிலான ஓராண்டில் பிரிட்டனின் பொதுத் தொலைபேசிகளிலிருந்து அவசரச் சேவைகளுக்குச் சென்ற அழைப்புகள் சுமார் 1,50,000. குழந்தைகளுக்கான சைல்ட்லைனுக்கு 25,000. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குத் துணைநிற்கும் சமாரிட்டன்ஸுக்கு 20,000. வீட்டில் பேச முடியாத ஒரு குழந்தை, யார் கண்ணிலும் படாத எண்ணிலிருந்து பேச ஓர் இடம் தேடுகிறது என்றால், அந்த இடத்துக்கு எந்த விலையும் அதிகம் இல்லை.

தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2022இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அன்றைய நான்கு கைபேசி நிறுவனங்களில் ஒன்றின் சமிக்ஞையாவது கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ அதிகம் நிகழும் இடம், ஆண்டுக்கு 52 அழைப்பாவது போகும் பெட்டி ஆகியவற்றில் தொலைபேசியை அகற்றத் தடை. அப்போது மிஞ்சியிருந்த சுமார் 21,000 பொதுத் தொலைபேசிகளில் ஏறத்தாழ ஐயாயிரம் இதனால் காக்கப்படும் என்று கணித்தார்கள். இவற்றில் எல்லாம் சிவப்புப் பெட்டி இல்லை. அதேபோல், பட்டியலில் இருப்பதால் ஒரு பெட்டியின் இரும்புக்குத்தான் காப்பு. உள்ளிருக்கும் தொலைபேசிக்கு இல்லை. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் வீட்டுத் தோட்டத்தில் ஒன்று வைக்க ஆசை. வாங்கலாமா?

பழைய பெட்டிகளைச் சீரமைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சில ஆயிரம் பவுண்டு ஆகும். எங்கிருந்து எடுத்தது என்ற ஆவணத்தைக் கேளுங்கள். பட்டியலிலிருந்த இடத்திலிருந்து பிடுங்கியதாக இருந்தால் தொடாதீர்கள். கண்ணாடியிழையில் செய்த நகல்கள் மலிவாகக் கிடைக்கின்றன. தட்டினால் சத்தமே சொல்லிவிடும். நகலை வாங்குவதில் தவறில்லை. ஊரில் நிற்கும் ஒன்றைப் பிடுங்கி வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஊர்ப் பெட்டியைப் பராமரிக்க என்ன கவனிக்க வேண்டும்?

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும்; எனவே அதற்கான முறைகளை அறிந்தவரையே அமர்த்துங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். சுத்தியலால் அடித்துத் துருவை உதிர்க்கக்கூடாது. அடித்தளத்தில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். கதவின் சட்டம் தேக்கு; அதன் அடிமூலை உளுத்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். கதவு அளவுக்கு மீறித் திறந்து கீல் உடையாமல் தடுப்பது உட்புறத்துத் தோல்வார்; அது அறுந்தால் உடனே மாற்றுங்கள், செலவு சொற்பம். நிறத்துக்குக் கடைக்காரரிடம் வெறுமனே சிவப்பு என்று கேட்காதீர்கள். பிரிட்டிஷ் தர எண் 381சி-யில் 539, கரண்ட் ரெட் (Currant Red). 1968 முதல் அதிகாரபூர்வ நிறம் அது. அதற்கு முந்தைய சிவப்பு சற்று அடர்ந்தது. பழைய பெட்டிக்கு அதுவே பொருந்தும் என்று வாதிடுபவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எல்லா வகைகளையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

முடியும். வூஸ்டர்ஷயரில் பிராம்ஸ்குரோவ் அருகே ஏவன்கிராஃப்ட் அருங்காட்சியகத்தில் தேசியத் தொலைபேசிப் பெட்டித் தொகுப்பு இருக்கிறது. கே1 முதல் வரிசையாக நிற்கின்றன. லண்டனோடு திரும்புகிறவர்கள் பர்லிங்டன் ஹவுஸில் மர மாதிரியைப் பார்த்துவிட்டு, பிராட் கோர்ட்டின் ஐந்து பெட்டிகளுக்கு நடந்தே போகலாம். செயின்ட் பாங்க்ரஸ் தோட்டத்துக் கல்லறைக்குப் போக நேரம் இருந்தால், கூரையின் வளைவைப் பெட்டியிலும் கல்லிலும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அந்தத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.